பூவரசம் இலையில் திருவுளம்

ஷெல் விழுகிறது. நான் கட்டிய பங்கருக்குள் இருக்கிறோம். கொழும்புத்துறையிலேயே பலமான பங்கர் அது.

பொய். போன கிழமை ஒரு ஆடு மேலே ஏறியது. ஆட்டோடு கூரையும் இறங்கிவிட்டது. இப்போது வாழைமரத்தடியில் குப்புறக் கிடக்கிறோம். நான், அண்ணை சூசை. என் மனைவி றெஜினா மட்டும் சரிந்து கிடக்கிறாள். எட்டு மாத வயிறு.

1995, ஐப்பசிக் கடைசி. மழை. எல்லோரும் வெளியேறுங்கள் என்று ஒலிபெருக்கி கத்திவிட்டுப் போய்விட்டது. வடக்கே ஆமி 'டும்' என்று ஷெல் குத்துகிற சத்தம். பிறகு கூவல். பிறகு நிலம் அதிரும். இடையில் ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லலாம். எனக்குப் பாதிதான் பாடம். அந்தப் பாதியையே திருப்பித் திருப்பிச் சொன்னேன்.

இரண்டு வழி. வள்ளத்தில் கடலேரியைக் கடக்கலாம். தெருவால் நடந்து நாவற்குழிப் பாலத்தைக் கடக்கலாம். கடல்தான் என்றேன் நான். இந்த வயிற்றோடு அவள் எப்படி நடப்பாள்? கடலில் மேலாலே ஹெலி வந்து சுடும் என்றார் அண்ணை.

"திருவுளம் கேப்பம்" என்றார்.

எங்கள் கரையில் வலை போடும் இடத்துக்குச் சண்டை வந்தால் கோயிலில் திருவுளச்சீட்டுப் போடுவோம். விழுந்தது ஆண்டவர் தீர்ப்பு. பிறகு ஒருவரும் வாய் திறப்பதில்லை. எழுத்துக்கும் எனக்கும் சரிவராது. இரண்டு பூவரசம் இலை பிடுங்கினேன். ஒன்றில் நகத்தால் சிலுவை கீறினேன். அது கடல். வெறும் இலை தெரு. ஆண்டவர் தன் சிலுவையைத்தானே எடுப்பார். அது என் கெட்டித்தனம்.

றெஜினா கண்ணை மூடி எடுத்தாள். வெறும் இலை.

"இலை நனைஞ்சு போச்சு அண்ணை. திருப்பிப் போடுவம்."

"திருவுளம் எண்டு கேட்டுப்போட்டு உன்ரை உளத்தைத் தேடுறியோ? எழும்படா."

"உங்கடை பங்கர் கட்டின மூளை போதுமப்பா" என்றாள் றெஜினா. "நடப்பம்."

நடந்தோம். பாலத்தடியில் சனம் இறுகி நிற்கிறது. முன்னுக்கும் போக வழியில்லை, பின்னுக்கும் இல்லை. டும். கூவல்.

"படுங்கோ! படுங்கோ!"

அண்ணை றெஜினாவுக்கு மேலே குடைபோலக் கவிழ்ந்தார். புகை. எல்லோரும் எழும்புகிறார்கள். அவர் எழும்பவில்லை.

"எழும்புங்கோ அண்ணை, அவளுக்குப் பாரம்" என்றேன்.

றெஜினாவுக்குப் பிரசவ நோ கண்டுவிட்டது. சனத்துக்குள் ஒரு மருத்துவிச்சி நின்றாள். சேலைகளைச் சுற்றிப் பிடித்தார்கள். பிள்ளை கழுத்தில் கொடி சுற்றி, நீலமாக வந்தது. மருத்துவிச்சி கொடியைக் கழற்றினாள். முதுகில் தட்டினாள். மழைச் சத்தம் மட்டும். பிறகு அழுதது.

பக்கத்து வீட்டார் வள்ளத்தில் போனார்கள். ஒரு கீறல் இல்லாமல் அக்கரை சேர்ந்தார்கள். அதைக் கேட்ட அன்று நான் ஆண்டவரோடு கதைக்கவில்லை. கடலால் போயிருந்தால் அண்ணை இருப்பார். ஆனால் வள்ளத்தில் மருத்துவிச்சி ஏது?

இழந்ததைச் சொல்கிறேன். வள்ளம் ஒன்று. வலை மூன்று. வீடு ஒன்று. பங்கரைச் சேர்க்கவில்லை, அது ஆட்டின் கணக்கு. அண்ணை ஒருவர். தெருவோரம் கையால் மண் அள்ளி மூடினோம். சிலுவை நட நேரமில்லை.

இன்றைக்கு அந்த இரண்டு இலையையும் தந்து, திருப்பிப் போடு என்றால் நான்...

"அப்பா, சோறு ஆறுது. வாங்கோ."

அவள்தான். பாலத்தடியில் அழுதவள்.

"வாறன் பிள்ளை."