காசுக்குக் குறையில்லாத பேஸ் கிட்டார்

பேஸ் கிட்டார் வாங்க வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் முதலில் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன் டாக்டர். சின்ன வயதில் நானும் ஒரு சிவப்பு பேஸைப் பார்த்து மயங்கியவன்தான். ஆனால் கையில் இருக்கிற காசுக்கு நல்லதாக ஒன்று வேண்டுமென்றால், நிறத்தை விட்டுவிட்டு, விரல் வைத்து அழுத்துகிற அந்த நீளமான கழுத்தைப் பார்க்க வேண்டும். கழுத்து மட்டும் முறுக்கில்லாமல் இருந்துவிட்டால் மற்றதையெல்லாம் என்னைப் போன்ற ஒருவன் சரிசெய்து கொடுத்துவிடுவான். என் அக்கா மகளின் கைகளைப் பார்த்துவிட்டு, அவள் வாசிக்கிற வாத்தியத்தைப் பற்றி விவரமாக எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

நான் ஒரு வாத்தியக் கடையின் பின்னறையில் பழுது பார்க்கிறவன். ஒரு மேசை, கிட்டார்களில் கீறல் விழாமல் இருக்க அதன்மேல் விரித்த பழைய கம்பளத் துண்டு, வளைத்துத் திருப்பக்கூடிய ஒரு விளக்கு, திருகாணிகளைத் தரம் பிரித்துப் போட்ட பிஸ்கட் டப்பாக்கள். இவ்வளவுதான் என் ராஜ்யம். பேஸ் என்பது நான்கு தடித்த கம்பிகள் உள்ள கிட்டார். பாட்டுக்கு அடியில் உறுமிக்கொண்டே போகும். யாரும் அதைத் தனியாகக் கவனிப்பதில்லை. நின்றுபோனால்தான் என்னவோ குறைகிறதே என்று நிமிர்ந்து பார்ப்பார்கள். ஒரு காலத்தில் நானும் அதை மேடையில் வாசித்திருக்கிறேன்.

போன வருடத் தொடக்கத்தில் அக்கா மகள் கடைக்கு வந்தாள். பத்தொன்பது வயது. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த பணத்தை உறையோடு என் மேசையில் வைத்தாள்.

“மாமா, என்கிட்ட இருக்கறது இவ்வளவுதான். இதுக்குள்ள எது நல்லதோ நீங்களே பாத்து எடுத்துக் குடுங்க. கலரெல்லாம் எனக்கு முக்கியமில்ல.”

“உங்கப்பாகிட்ட கேக்கலாமே. அவருக்குத் தெரியாததா?”

“அப்பா சாதாரணக் கிட்டார்தானே வாசிப்பாரு. பேஸ்னா நீங்கதானே மாமா.”

இசைக் கல்லூரியில் பேஸ் படிக்க வருடத்துக்கு ஒரே ஒரு இடம். தேர்வுக்கு எட்டு மாதம் இருந்தது. அந்த இடம் கிடைக்காவிட்டால் வாத்தியத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, வீட்டில் பார்த்திருக்கும் அலுவலக வேலைக்குப் போவதாக அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். அதுவரை அவள் கற்றதெல்லாம் இரவல் கிட்டாரில். எங்கே, ஏதாவது வாசி என்று கடையில் இருந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். வாசித்தாள். முன்புறத்தில் டிரம்ஸ் விற்கிறவர் கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். கடைக்கு வந்திருந்தவர்களுக்குத் தொந்தரவாக இருக்குமே என்று நான் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினேன்.

அடுத்த மூன்று வாரம் அவளுக்காக அலையாய் அலைந்தேன். இதில் ஒரு துளி பொய்யில்லை. பதினோரு பேஸ்களை மடியில் வைத்துப் பார்த்தேன். ஒன்றில் வர்ணம் கண்ணைப் பறித்தது, கழுத்து முறுக்கியிருந்தது. ஒன்று யாரோ வாசித்துத் தேய்த்துவிட்டு விற்றது. பெயர்பெற்ற கம்பெனிக்காரன் செய்த ஒன்றில் பாதி விலை பெயருக்கே போய்விட்டது. கடைசியில் ஒரு மொத்த வியாபாரியின் கிடங்கில், தூசி படிந்த பெட்டிக்குள் அது கிடைத்தது. யாரும் கேள்விப்படாத பட்டறையில் செய்தது. கழுத்து நூல் பிடித்ததுபோல் நேர். உள்ளே ஒயர்களைப் பற்றவைத்தவன் வேலை தெரிந்தவன். கீழ்க் கம்பியைத் தட்டினால் நெஞ்சுக்குள் கேட்டது. அந்த விலைக்கு அதைவிட நல்ல பேஸ் கிடையாது டாக்டர். யார் தலையில் வேண்டுமானாலும் அடித்துச் சத்தியம் செய்வேன்.

அதற்கு ஒரே ஒரு குறை. உடல் லேசு, தலைப்பக்கம் கனம். தோளில் மாட்டிக்கொண்டு கையை எடுத்தால் கழுத்து தரையை நோக்கி இறங்கும். விலை குறைந்த பேஸ்களில் இது சகஜம். அகலமான, சொரசொரப்பான தோல்வார் மாட்டினால் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கும், தீர்ந்தது. நான் அவளுக்கு வழவழப்பான ஒரு நைலான் வாரைக் கொடுத்தேன். மாமாவின் பரிசு என்று நானே மாட்டியும் விட்டேன். அன்றிலிருந்து வாசிக்கிற நேரமெல்லாம் அவளுடைய இடது கை இரண்டு வேலை பார்த்தது. கம்பியையும் அழுத்த வேண்டும், கழுத்தையும் தாங்க வேண்டும்.

இனி அவள் அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் அக்காவின் கணவர். இருபது வருடத்துக்கு முன்னால் அத்தான் நடத்திய இசைக்குழுவில் நான் பேஸ் வாசித்தேன். ஒரு பருவம் முழுக்க மூச்சுவிட நேரமில்லாமல் நிகழ்ச்சிகள். இடது மணிக்கட்டு வலிக்கிறது என்றேன். “வலிச்சாத்தான் மச்சான் கை பழகும்” என்றார். இன்னொரு முறை சொன்னேன். அதே பதில். மூன்றாவது முறை நான் சொல்லவில்லை. பருவம் முடிந்தபோது என் கடைசி இரண்டு விரல்கள் மடங்கினால் தாமாக நிமிரவில்லை, வலது கையால் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. அடுத்த வாரமே அத்தான் வேறு ஆளைப் போட்டுக்கொண்டார்.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். ஒரு நாள் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். ஜாடி என் கையிலிருந்து நழுவி, தண்ணீர் மேசையெல்லாம் ஓடியது. “ஒன்றரக் கையன்கிட்ட யாருப்பா ஜாடியக் குடுத்தது?” என்றார் அத்தான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அக்காவும்தான். அன்றிலிருந்து அந்த வீட்டில் நான் ஒன்றரைக் கையன். இவள் பேசக் கற்றபோது என்னை ‘ஒன்ற மாமா’ என்று கூப்பிட்டாள். குழந்தைக்கு என்ன தெரியும். அவள்மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது, இதை நீங்கள் அடிக்கோடு போட்டுக்கொள்ளலாம். கோபமெல்லாம் அத்தான்மேல். இருபது வருடம் அந்த வீட்டின் நல்லது கெட்டது எதையும் விடாமல் போய்ச் சிரித்துப் பேசிவிட்டு வந்தேன். திரும்பி வரும் வழியெல்லாம் அந்த இரண்டு விரல்களையும் இழுத்து நிமிர்த்திக்கொண்டே நடப்பேன். அவருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அவர் கொடுத்ததையே கொடுக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்குப் பெரிய ஆசைகள் இருந்ததில்லை. அவர் கையைத் தொட்டுப் பிரயோசனமில்லை. மேடையை விட்டு எப்போதோ இறங்கிவிட்டார்.

மாதத்துக்கு ஒரு முறை அவள் கிட்டாரைச் சரிபார்க்கக் கொண்டுவருவாள். கம்பிக்கும் கழுத்துக்கும் இடையே எவ்வளவு இடைவெளி இருக்க வேண்டும் என்பதற்கு ஓர் அளவு உண்டு. அதைத் திருகாணியால் ஏற்றலாம், இறக்கலாம். நான் ஒவ்வொரு மாதமும் கால் திருகு ஏற்றினேன். கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும். கம்பிகளையும் ஒரு படி தடித்தவையாக மாற்றினேன். இதில் ஒரு விசேஷம் உண்டு. கம்பி உயர உயர, அழுத்துவதற்குப் பலம் வேண்டும், ஆனால் சத்தம் சுத்தமாக, உருண்டையாக வரும். அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் மாதாமாதம் பாராட்டினார். அவளும் என்னைப் பார்த்து, “உங்க கை பட்டாலே சத்தம் மாறிடுது மாமா” என்பாள்.

நான்காவது மாதம் முதல்முறையாகச் சொன்னாள்.

“கட்டை விரல் பக்கம் சுருக்கு சுருக்குன்னு இழுக்குது மாமா. காலைல எந்திரிச்சா விரல் மரத்துப்போய்க் கெடக்கு.”

“வலிச்சாத்தான் கண்ணு கை பழகும்.”

“அப்பாவும் அதேதான் சொன்னாரு.”

அந்தப் பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. அவள் போன பிறகும் கொஞ்ச நேரம் எனக்கு வாய் இனித்துக்கொண்டே இருந்தது. ஒருமுறை முதலாளி பின்னறைக்கு வந்தவர் அந்த பேஸைக் கையில் எடுத்துப் பார்த்தார். “என்னப்பா இது, கம்பி இவ்வளவு ஒசரத்துல நிக்குது? கடப்பாரைய அழுத்தற மாதிரி இருக்கு.” அவள் கேட்டது அப்படித்தான், தேர்வுக்கு அந்தச் சத்தம்தான் எடுபடும் என்றேன். வாசிக்கிறவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு கிறுக்கு உண்டு என்று எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

தேர்வன்று நான்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடப் போனேன். அத்தானுக்குப் பதற்றம், வர மாட்டேன் என்றுவிட்டார். நீளமான நடைபாதையில் பெஞ்சில் உட்கார்ந்து கதவு வழியாகக் கேட்டேன். முதல் பாட்டு முடிந்தது. இரண்டாவதின் நடுவில் சத்தம் நின்றது. மறுபடி ஆரம்பித்தாள், அதே இடத்தில் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தாள். இடது கையின் விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கியிருந்தன. வலது கையால் அவற்றை ஒவ்வொன்றாக நிமிர்த்திக்கொண்டே, “என்னாச்சுன்னே தெரியல மாமா” என்றாள். அவளை அணைத்துக்கொண்டேன். அவள் அழுதது என் சட்டையை நனைத்தது. எனக்கு அப்போது அத்தானின் முகம்தான் நினைவில் இருந்தது.

அவர் அந்த வாரமே கடைக்கு வந்தார். இருபது வருடத்தில் என் பின்னறைக்குள் அவர் காலடி வைத்தது அதுதான் முதல் தடவை. உட்காரச் சொன்னேன். உட்கார்ந்ததும் அழுதார்.

“உன் கைய நாந்தான் பாழாக்குனேன் மச்சான். நீ சொன்னப்பவே கேட்டிருக்கணும். அப்ப எனக்குத் தலகால் புரியல. இப்ப எம் பொண்ணு கையில வந்து விடிஞ்சிருக்கு. என்ன மன்னிச்சிரு.”

தண்ணீர் கொடுத்தேன். பரவாயில்லை அத்தான், விடுங்கள் என்றேன். அவர் போன பிறகு மேசையைத் துடைத்து, திருகாணி டப்பாக்களை வரிசையாக அடுக்கி வைத்தேன். மனம் குளிர்ந்திருந்தது. இதோடு எல்லாம் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து அவள் வந்தாள். இடது கைக்கு நீங்கள் கட்டுப் போட்டு ஓய்வு கொடுத்திருந்தீர்கள். அப்பாவிடம் இன்னும் ஒரு வருடம் கேட்டு வாங்கியிருந்தாள்.

“மாமா, மாத்தி வாசிக்கப் போறேன். வலது கையால கம்பிய அழுத்திட்டு, இடது கையால சும்மா மீட்டினாப் போதும். டாக்டர் சரின்னுட்டாரு. இடதுகைக்காரங்க பேஸ் ஒண்ணு பாத்துக் குடுங்களேன். காசு அதே அளவுதான் இருக்கு.”

இடதுகைக்காரர்களுக்குச் செய்கிற பேஸ்கள் குறைவு, விலையும் கூடுதல். ஐந்து வாரம் தேடினேன். முதலில் வாங்கியதைவிட ஒரு படி மேலான ஒன்றையே பிடித்தேன். இந்த முறை அகலமான தோல்வார் போட்டேன். கம்பிகளை அளவுகோல் வைத்து, இருக்க வேண்டிய உயரத்தில் நிறுத்தினேன். சத்தியமாக அப்படித்தான் கொடுத்தேன். அத்தான் என்னிடம் மன்னிப்புக் கேட்டாகிவிட்டது, எனக்கு வேறென்ன வேண்டும்.

ஆறு மாதம் ஆனது. ஒரு மதியம் அவள் கிட்டாரோடு வந்து, “கேளுங்க மாமா” என்று உட்கார்ந்தாள். அவள் வாசித்தது, அத்தானின் குழுவில் நான் தனியாக வாசித்த ஒரு பகுதி. பழைய ஒலிநாடாவில் கேட்டுத் தானாகவே பழகியிருக்கிறாள். அதில் ஓர் இடத்தை நான் எப்போதும் எளிதாக்கித் தாண்டிவிடுவேன். இரண்டு கையும் நன்றாக இருந்த காலத்தில்கூட அது எனக்கு வந்ததில்லை, அது யாருக்கும் தெரியாது. அவள் பழக்கமில்லாத கையை வைத்துக்கொண்டு அந்த இடத்தைத் தண்ணீர்பட்ட பாடாக வாசித்துவிட்டு, “இது சரியா மாமா? நாடாவுல இந்த எடம் சரியாக் கேக்கல, நானே போட்டுக்கிட்டேன்” என்றாள். சரிதான் என்றேன். கிட்டாரை விட்டுவிட்டுப் போ, ஒருமுறை சரிபார்த்துத் தருகிறேன் என்றேன்.

அன்று நான் ஏற்றியது கால் திருகு இல்லை. முழுதாக இரண்டு. தோல்வாரைக் கழற்றிவிட்டு மறுபடி நைலான் வாரை மாட்டினேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும். மூன்று மாதத்தில் அவளை மறுபடி உங்களிடம் அழைத்து வந்தார்கள். வலது கையும் எப்படி இப்படி ஆனது என்று நீங்கள் வியந்ததாக அக்கா சொன்னாள். வியக்க ஒன்றுமில்லை. இடது கையும் நான்தான், வலது கையும் நான்தான். எலும்பிலோ நரம்பிலோ பிறவிக் குறை இருக்குமோ என்று நீங்கள் மேற்கொண்டு தேட வேண்டாம்.

அத்தான் மன்னிப்புக் கேட்ட பிறகு எதற்காக இரண்டாவது தடவை என்று உங்களுக்குத் தோன்றும். நியாயமான கேள்வி. நானும் யோசித்துப் பார்த்தேன். மகள் மறுபடி எழுந்து நிற்கிறாள் என்று தெரிந்தால் அத்தான் பூரித்துப்போவார், அதை என்னால் தாங்க முடியாது. அந்த மதியம் அவர் அங்கே இல்லை என்பது உண்மைதான், ஆனாலும் எப்படியும் கேள்விப்பட்டிருப்பார். காரணம் அது ஒன்றுதான். உங்கள் குறிப்பில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அவள் என்னைவிட நன்றாக வாசித்தாள் என்பதற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.