ரெண்டாவது பொட்டலம்

இன்னுஞ் சித்தெ கிட்டக்க வந்து உக்காருங்க. கொடிவேரித் தண்ணி விழுகற இரைச்சல்ல நாம பேசறது நமக்கே கேக்கறதில்லீங்க. அந்தப் பூச்சரத்தை மடியில வெச்சுக்கங்க, நசுங்கிப்போகும். உங்க சனமெல்லாம் பரிசல்ல ஒரு சுத்து சுத்திப்போட்டுத்தான் வரும். அதுவரைக்கும் இந்தக் கடையில நெழலும் இருக்குது, கதையும் இருக்குது.

இது என்ற கடையில்லீங்க. இன்னைக்கு ஒருநாளைக்கு உக்காந்திருக்கறேன். என்ற தம்பி மவ பிரவீனா உக்காரச் சொன்னா. கதையும் அவ கதைதான்.

கோபிக்கு மேக்கால எங்க ஊரு. போன சித்திரை லீவுல அவளைப் பொண்ணு பாக்கக் கோயமுத்தூருப் பக்கமிருந்து ஒரு குடும்பம் வந்துதுங்க. ஒரு வேன்ல பதினாறு சனம். பொண்ணு பாக்கறதுக்குப் பதினாறு சோடிக் கண்ணு எதுக்குன்னு அன்னைக்கே எங்களுக்கு ஒறைச்சிருக்கோணும். ஒறைக்கலீங்க. வந்து எறங்குன மாப்பளைக்கு அப்பன் மொதமொதல்ல என்ன கேட்டானுங்கறீங்க? பொண்ணு என்ன படிச்சிருக்குதுன்னா? குண்டேரிப்பள்ளம் டேம்ல யானை தண்ணி குடிக்க எத்தனை மணிக்கு வருமுன்னு கேட்டான்!

ஊடு தேடி வந்த ஒறம்பரை மனசு கோணப்படாதுன்னு என்ற தம்பி கூட்டிக்கிட்டுப் போனான். பாரியூர்க் கோயலு, பச்சமலை, டேம்பு. சினிமாக்காரங்க படம் புடிக்கற வயக்காடு ஏதுன்னு கேட்டு, வரப்பு மேல வரிசையா நின்னு போட்டோ. நட்ட நாத்தைப் பாதி மிதிச்சுப்போட்டாங்க. பிரவீனா விடியால கட்டுன பட்டுச்சீலையோட ஊட்டு முன்கட்டு ஆசாரத்துல உக்காந்திருக்கறா. மத்தியானமும் உக்காந்திருக்கறா. பொழுது சாய, ஈரத்தலையோட வந்து பந்தியில உக்காந்து, பருப்பும் வெல்லமும் வெச்ச ஒப்பிட்டை ரெண்டுதரங் கேட்டு வாங்கித் தின்னுபோட்டு, அப்பறந்தான் பொண்ணை வரச்சொன்னாங்க. வந்தா. ஒரு நிமிசம் பாத்திருப்பாங்களா? புடிச்சிருக்குது, பூவாக்குக் கேட்டுப்போடலாமுன்னு எந்திரிச்சுட்டாங்க.

உங்க பக்கம் எப்பிடிங்களோ. எங்க பக்கத்துல ரெண்டு ஊட்டுக்கும் புடிச்சிருந்தாலும் சாமிகிட்டப் பூவாக்குக் கேக்காம மேக்கொண்டு பேசமாட்டோம். ஒரு பொட்டலத்துல வெள்ளையரளி, ஒண்ணுல செவ்வரளி. ரெண்டும் ஒண்ணாட்டவே கட்டி அம்மன் காலடியில வெச்சா, பூசாரி ஒண்ணை எடுத்துப் பிரிப்பாரு. வெள்ளைன்னா சாமி சம்மதம். செகப்புன்னா இல்லை. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கவே கூடாது. சாமி வெச்சுக்கிட்டதை மனுசன் பாக்கப்படாதாமா. ஓ, உங்களுக்குந் தெரியுமுங்களா? தெரியாம இருக்குமா.

பொட்டலத்தைப் பூசாரிதான் கட்டோணும். மாப்பளைக்கு ஆத்தாக்காரி, எங்க வழக்கத்துல நாங்கதான் கட்டிக்கிட்டு வருவோமுங்கன்னு கூடையிலருந்து ரெண்டு எடுத்தா. வாழைநாருல மூணு முடிச்சு. பிரிச்சா செகப்பு. ஐயோ, தங்கமான பொண்ணு, சாமி குடுக்கலியேன்னு முந்தானையில கண்ணைத் தொடைச்சா. தொடைச்ச கையோட ரெண்டு வாழைத்தாரை வேன்ல ஏத்திக்கிட்டா.

அவிங்க போயிட்டாங்க. பேச்சு போகலீங்களே! சாமி ஒதுக்குன பொண்ணுன்னு ஊருக்குள்ள பேராயிப்போச்சு. அப்புறம் ரெண்டு எடம் வந்துது. ஒண்ணு டீக்கடையோட திரும்பிருச்சு, ஒண்ணு எங்க வாசல் வரைக்கும் வந்து தண்ணி குடிக்காமப் போச்சு. அவ அப்பன் அன்னையிலருந்து சந்தைக்குப் போறதில்லை.

ஆனா புள்ளை அழுகலீங்க. வாக்குக் கேட்ட மக்யா நாளே, விடிஞ்சதும் கோயலுக்குப் போயி, மாடக்குழியில பூசாரி சொருகி வெச்ச ரெண்டாவது பொட்டலத்தை எடுத்தா. பிரிக்காதே கண்ணு, ஆகாதுன்னேன். இதுக்கு மேல என்னத்தை அத்தே ஆகாமப் போகுமுன்னா. பிரிச்சா. அதுலயும் செவ்வரளி!

நெஞ்சு எரியுதுங்க, இன்னைக்குச் சொல்றப்பவும். ரெண்டுலயும் செகப்பு வெச்சுக் கட்டிக்கிட்டு எங்க ஆத்தா காலடியில வெச்சிருக்கறாங்க! டேம் பாக்க வந்தேன்னு சொல்லியிருந்தா நாங்க சோறு போட்டிருக்க மாட்டமா? எங்க சோத்துக்கா பஞ்சம்? ஊரு சுத்தறதுக்கு ஒரு புள்ளையோட பேருதான் கெடைச்சுதா? ஊருக்குள்ள போயிச் சொன்னோம். ஆரு நம்புனாங்க? நீயே மாத்தி வெச்சிருப்பேன்னு சிரிச்சாங்க. கட்டுனவங்க வாயிலருந்து வந்தாத்தான் நம்புவாங்களாமா.

ஏனுங்க, இப்பிடி வேர்க்குது? எந்திரிக்காதீங்க. உங்க செருப்பும் பையும் நம்ம கடையிலதானுங்களே இருக்குது. உக்காருங்க.

வேன் ஓட்டிக்கிட்டு வந்த நசுருதீன் தம்பி வேறொரு சவாரிக்குக் கோபி வந்தப்ப, மனசு கேக்காம ஊடு தேடி வந்து சொன்னாரு. அந்தப் பையனுக்கு அத்தை மவளைப் போன வருசமே நிச்சயம் பண்ணியாச்சாமா. அந்தப் புள்ளையும் வேன்லயேதான் வருமாமா! லீவு உட்டா ஒரு ஊரு, ஊருக்கு ஒரு பொண்ணு. தொண்டாமுத்தூர்ல ஒண்ணு பாத்துப்போட்டு அருவியில குளிச்சாங்களாமா.

அப்பத்தான் பிரவீனா வேலையை ஆரம்பிச்சா. ஒரு தரகரைப் புடிச்சு, கொடிவேரிப் பக்கம் வெள்ளியங்கிரியண்ணன் ஊட்டுல ஒரு பொண்ணு இருக்குதுன்னு தூது உட்டா. பொண்ணைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்க, தண்ணி விழுகறதைப் பத்தி, பரிசலைப் பத்தி, சூட்டிங்கைப் பத்தி இருவது வார்த்தை சொல்லுங்கன்னா. காப்பரிச்சை லீவு உட்டாங்களோ இல்லியோ, வேன் வந்து நின்னுருச்சு. அந்தப் பொண்ணு இவகூடப் படிச்சவ. அவளுக்கு ஐப்பசில முகூர்த்தம். காத்தால உங்களுக்குக் காப்பித் தம்ளரு நீட்டுனானே ஒரு பையன், அவந்தான் மாப்பளை.

ஆமாங்க பாலுசாமியண்ணா, யானை எத்தனை மணிக்கு வருமுன்னு கேட்ட உங்களைத்தான். எனக்கு எப்பிடித் தெரியுமுன்னு பாக்கறீங்களா? நல்ல காரியத்துல தாலியறுத்தவ முன்னால வரப்படாதுன்னு அன்னைக்கு நான் அடுப்படியிலயே இருந்துபோட்டேன். நீங்க என்னையப் பாக்கலை. நீங்க ரெண்டுதரங் கேட்டுத் தின்ன ஒப்பிட்டைச் சுட்டவ நாந்தானுங்க.

கோயல்ல மேளம் கேக்குதுங்களா? எங்க ஊரே வந்து உக்காந்திருக்குது, என்ற தம்பியும் வந்திருக்கறான். வெள்ளை வந்து போச்சுன்னா வெத்தலை பாக்கு மாத்தோணுமல்லங்க. என்ன சொல்லப்போறீங்க? பரிசல்ல உக்காந்திருக்கற உங்க அக்கா மவ முன்னால சரீங்கறதா? இல்லை, நாங்க ஊரு சுத்த வந்தோம், ரெண்டுலயும் செகப்புத்தான் வெப்போமுன்னு அத்தனை சனத்துக்கு முன்னால வாயத் தொறந்து சொல்றதா? எங்களுக்கு அந்த ஒத்தை வார்த்தை போதும்.

சாமிகிட்ட வெளையாடலாமா அம்மணின்னு நானுங் கேட்டேன். பூசாரிகிட்டயும் சொல்லிப்போட்டேன், ஆத்தாகிட்டயும் சொல்லிப்போட்டேன், அவிங்க ஆடுன ஆட்டத்தை அவிங்களே முடிக்கட்டும் அத்தேன்னா.

உங்க சம்சாரம் கூடையை நம்பிக் கடையில குடுத்துப்போட்டுத் தண்ணிக்குப் போச்சுதுங்களா? நான் ஒண்ணுந் தொடலீங்க. இந்தச் சாக்குப் படுதாவுக்குப் பின்னாலருந்து பிரவீனா வந்தா. ரெண்டு பொட்டலத்தையும் பிரிச்சு, ரெண்டுலயும் வெள்ளையரளி வெச்சு, அதே வாழைநாருல அதே மூணு முடிச்சுப் போட்டுக் கூடையில வெச்சா. மிச்சமான செவ்வரளியை வீணாக்கலீங்க. பொறுமையாக் கட்டி முடிச்சு, பெரியவரு வந்தா இதைக் குடுங்க அத்தேன்னா. இப்ப உங்க மடியில இருக்குதே, அதானுங்க அது.