மூணு ஸ்டாரு போயி ஒரு சிங்கம்

இல்லீங்க ஐயா, நான் கோவிச்சுக்கல. மொதல்ல ஒக்காருங்க. வடக்கனந்தல்லருந்து மல ஏறி வந்திருக்கீங்க, ஒங்க காரே மூச்சு வாங்கிக்கினு நிக்குது. ஒங்க பையன் இளவரசன எம்பொண்ணு நர்மதா கட்டக்கூடாது, அத சொல்லத்தான வந்தீங்க? சொல்லிட்டீங்க, நானும் கேட்டுக்கினேன். மலக்காரன் வூட்ல சம்மந்தம் வெச்சா ஊர்ல தல நிமிந்து நடக்க முடியாது. சரி. ஆனா யார வாணான்னு சொல்றோம்னு தெரிஞ்சிக்கினு சொல்லுங்களேன். இந்தாங்க மோரு. தாராளமா குடிங்க, எங்க மாடு எந்த ஜாதின்னு அதுக்கே தெரியாது.

எம்பொண்ணுக்கு மிலிட்டிரில இன்னா வேலையா? ஐயோ, அத எங்கிட்ட போயி கேக்கறீங்களே! உளவு. இண்டலிஜென்சு. அந்த ஒரு வார்த்தைய எங்கிட்ட சொல்லவே ரெண்டு வருசம் எடுத்துக்கினா.

கள்ளக்குறிச்சி காலேஜில என்சிசில ஏன் சேந்தான்னு நெனைக்கறீங்க, நாட்டுப்பற்றா? பரேடு முடிஞ்சா பூரி கெழங்கு குடுப்பாங்க. ஒங்க பையனும் பூரிக்குத்தான் வந்தாரு, கேட்டுப் பாருங்க. அப்பிடி பூரி தின்னவ, ஆபீசர் ஆவறேன்னு கெளம்பிட்டா. ரெண்டு தபா பெங்களூரு இண்டர்வியூக்குப் போனா, ரெண்டு தபாவும் பெட்டியோட திரும்பி வந்தா. எங்கூட்டு ராணியம்மா, போதுண்டி, சாமை அறுக்க ஆளு இல்லன்னுச்சு. மூணாவது தபா போனவளுக்கு பரங்கிமலையில டிரெய்னிங்குன்னு லெட்டரே வந்துடுச்சு.

நடுவுல ஒரு ஆளு தேன் வாங்க வந்தாரு. தேன் இன்னா வெலன்னு ஒரு வார்த்த கேக்கல. ஒங்களுக்கு எத்தன புள்ளைங்க, பொண்ணு யாரு கூட பழகுது, இதான் கேள்வி. நானும் வஞ்சனையில்லாம அத்தனையும் கொட்டினேன், அஞ்சாவதுல கணக்குல ஃபெயிலானது வரைக்கும். தேனே வாங்காம போயிட்டாரு! அப்புறந்தான் தெரியுது, இவள சேக்கலாமான்னு விசாரிக்க வந்த ஆளாம். அன்னிலருந்து அவ எங்கிட்ட ஒண்ணும் சொல்றதில்ல. எங்கம்மா இருக்கன்னா, இங்கதாம்பான்னுவா. ஒரு நாளு வாய் தவறி குளுருதுப்பான்னுட்டா. அவ்ளோதான், எம்பொண்ணு காஷ்மீர் பார்டர்லன்னு எங்க வெள்ளிமலை ஊரு பூரா சொல்லிட்டேன். பாத்தா பூனால ஏசி ரூம்ல ஒக்காந்து படிச்சிக்கினு இருந்திருக்கா.

சிரிக்காதீங்க, இதையும் கேளுங்க. மொதல்ல தோள்ல ரெண்டு ஸ்டாரு. அப்புறம் மூணு. சரி, ஏறிக்கினே போவுதுன்னு பாத்தா, ஒரு தீவாளிக்கு வந்தா, மூணையும் காணம், ஒரே ஒரு சிங்கந்தான் ஒக்காந்துக்கினு இருக்கு. இன்னா தப்பும்மா பண்ண, மூண புடுங்கிட்டு ஒண்ணு குடுத்திருக்கானுங்கன்னு கேட்டேன். விழுந்து விழுந்து சிரிச்சா. மேஜர் ஆயிட்டேம்பான்னா.

இப்ப நாப்பது பேருக்கு அவதான் தலைவி. அதுல மீச வெச்ச ஒரு வடநாட்டுக்காரரு, பொம்பள சொல்லி நான் கேக்கறதான்னு ஆறு மாசம் மொறச்சிக்கினே இருந்திருக்காரு. இவ திட்டல. அந்தாளு வெயில்ல அலைஞ்சு கொண்டாந்த தகவல, அவரு பேரப் போட்டே மேல அனுப்பிட்டா. மெடல் அவருக்கு வந்துச்சு. போன வருசம் லீவுல வேலை மெனக்கெட்டு இவ்ளோ தூரம் வந்து, எங்க மேடம பெத்தவரப் பாக்கணும்னு என் கையப் புடிச்சிக்கினாரு. அவரு பேசனது பாதி புரியல, ஆனா நான் அழுதுட்டேங்க. காலேஜில மலக்காரின்னு அவ பக்கத்துல ஒக்காராம எழுந்து போவாங்களாம். ஒக்காந்தது ஒங்க பையன் ஒருத்தருதான்.

இன்னா, எழுந்துட்டீங்க? மணியா? பன்னண்டு ஆவுது. அப்ப சொல்லிடலாம். பத்தரைக்கு கள்ளக்குறிச்சி ரிஜிஸ்டர் ஆபீசுல ரெண்டு பேருக்கும் கல்யாணம். இந்நேரம் முடிஞ்சிருக்கும். போன எடுத்துப் பிரயோஜனம் இல்லீங்க, இங்க டவர் வராது.

திருட்டுத்தனமா ஒண்ணும் செய்யல. ஒங்க பையன் பேரு, எம்பொண்ணு பேரு, வயசு, தெரு, எல்லாம் அந்த ஆபீசு போர்டுல முப்பது நாளா தொங்குச்சு. நீங்களே பத்தரம் பதிய ரெண்டு தபா அந்தப் பக்கம் போயிருக்கீங்களாம். யாரும் போர்டு படிக்க மாட்டாங்கப்பான்னா. மாயவன், அதான் நானு, இன்னிக்கு மட்டுந்தான் வூட்ல இருப்பான்னு ஒங்க காதுல போட்டதும் அவதான்.

ராணியம்மா சாட்சிக் கையெழுத்துப் போட போயிருக்கு. எனக்கு இன்னா வேலன்னு கேட்டேன். பன்னண்டு வரைக்கும் அவர ஒக்கார வெச்சு பேசிக்கினே இரு, ஒன்ன வுட்டா இதுக்கு ஆளு இல்லப்பான்னா. இத்தன வருசத்துல என்ன நம்பி அவ சொன்ன மொத ரகசியம் இதாங்க.

ஆனா நான் பெத்தது ஒண்ணே ஒண்ணு. அவ கழுத்துல மால உழறத பாக்க எனக்கும் ஆசதான? காலைலருந்து மனசு கெடந்து அடிச்சிக்குது, அதான் இவ்ளோ பேசிட்டேன். பெத்த அப்பனுங்க ரெண்டு பேரும் இங்க ஒக்காந்துக்கினு இருக்கோம், அதுங்க அங்க நம்மளத்தான் தேடிக்கினு இருக்கும். திட்டணும்னா வழில திட்டிக்கினே வாங்க, நான் கேட்டுக்கறேன். ஒங்க கார்ல எனக்கும் ஒரு எடம் குடுங்க, சம்மந்தி.