எனக்குக் கால் வலித்த ஞாயிறு

நான் நடந்துகொண்டே பேசலாமா, ஐயா? உட்கார்ந்தால் எனக்குப் பேச்சு வராது.

நீங்கள் மிலானிலிருந்து வந்த நீதிபதி. இங்கே சிசிலியில் ஞாயிறு மாலை ஊரே கடைவீதியில் நடக்கும். யார் யாரோடு கைகோத்துப் போகிறார்கள் என்று எல்லாக் கண்ணும் பார்க்கும். ஒருவன் உங்களோடு கைகோத்தால், அவன் குடும்பமே உங்களுக்குக் காவல்.

என் மனைவி, ஊரே பயப்படும் காண்ட்ராக்டர் லிபோரியோவின் தங்கை மகள். அந்தத் தைரியத்தில்தான் போலீஸில் என் மேலதிகாரி அர்ச்சிதியாகோனோ பதினோரு வருடம் என்னோடு கைகோத்து நடந்தார். வயிற்றுப்புண்காரர், ஓய்வுபெற நான்கே மாதம். பேசாமல் நாளைத் தள்ளியிருக்கலாம். கடல் மணலைப் போட்டு ஆஸ்பத்திரி கட்டிய லிபோரியோவை விடமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

"மேயர்லேர்ந்து எல்லாரும் தின்னாச்சு சார். நீங்க ஒருத்தர் கேட்டு என்ன ஆகப்போகுது?" என்றேன்.

"எனக்கும் அலுத்துப்போச்சுடா நுன்சியோ. ஆனா அந்தக் கூரை ஒருநாள் விழும். இதை முடிச்சுட்டுத்தான் எனக்குத் தூக்கம்."

அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சனிக்கிழமை விருந்தில் லிபோரியோ என் தட்டில் இன்னொரு மீன் துண்டை வைத்தார். "நாளைக்குச் சாயங்காலம் உங்களுக்குக் கால்வலி வரும்போலத் தெரியுதே, மாப்பிள்ளை," என்றார். நான் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் தெரிந்தவனாகிவிடுவேன்.

மறுநாள் கடைவீதி முனையில் அதிகாரி கையை நீட்டினார்.

"கால் வலிக்குது சார். நீங்க போங்க."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. "உடம்பைப் பாத்துக்க," என்று சொல்லிவிட்டுத் தனியாக நடந்தார். கடைகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின. தேவாலயத்தை அவர் தாண்டவில்லை, மூன்று குண்டுகள்.

நான் துப்பாக்கியைத் தொடவில்லை, ஐயா. கையைக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். கொடுக்காவிட்டால் என்ன நடக்கும் என்று தெரிந்துதான் கொடுக்கவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் இருந்ததில்லை. நல்ல மனிதர், கொஞ்சம் பிடிவாதக்காரர்.

அவர் நாற்காலியில் இப்போது நான் உட்காருகிறேன். ஆஸ்பத்திரிப் புகாரில் உண்மையில்லை, கட்டடம் உறுதியானது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். திறப்பு விழாவுக்கு ஊரே வந்தது, வார்டுகள் நிரம்பிவிட்டன.

என் மனைவிக்கு இது ஒன்பதாம் மாதம். பிரசவத்துக்கு அவளைப் பக்கத்து ஊரில் சேர்த்திருக்கிறேன்.