கிணற்றோரப் பாத்தி

மல்லிகை வாசம் எனக்கு ஆகாது, தலை வலிக்கும். இருந்தும் எண்பத்தாறில் நசரத்பேட்டைக்கு வந்தபோது, ஒரு மல்லிகைத் தோட்டத்தை ஒட்டித்தான் வீடு பிடித்தேன். தோட்டம் அந்தோணிராஜுடையது. மனைவி சகாயம்மாள். இருவரும் நல்லவர்கள், அதையும் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர்.

அம்பத்தூரில் ஒரு பூச்சிமருந்துக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. வேரைக் குடையும் நூற்புழுவுக்கு மண்ணுக்குள் செலுத்தும் மருந்து ஒன்று உண்டு. உள்ளே போனதும் ஆவியாகிப் பரவும். சில வாரங்களில் சிதைந்துவிடும் என்பார் மேலாளர் இராமகிருஷ்ணன். அவர் சோதித்தது மேல்மண்ணை. அங்கே காற்று இருக்கிறது, நுண்ணுயிர்கள் இருக்கின்றன. அடியில், நீர் நிறைந்து நிற்கும் மண்ணில், ஆவி வெளியேற வழியில்லை. தின்று தீர்க்கும் உயிர்களும் குறைவு. வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும். எத்தனை கூட்டங்களில் சொன்னேன். "யாரு வீட்டுக் கிணத்துலய்யா பார்த்தே?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். டீ வந்துவிடும்.

ஆகவே எனக்கு ஒரு கிணறு தேவைப்பட்டது.

அந்தோணிராஜுக்கு மருந்தை இலவசமாகக் கொடுத்தேன். கிணற்றோரப் பாத்திகளில் நானே ஆழமாக, சற்றுத் தாராளமாகச் செலுத்தினேன். செடிகள் தளதளவென்று வந்தன. நன்றிக்குச் சகாயம்மாள் குடத்தோடு வந்தாள். "லாரித் தண்ணி இன்னாத்துக்கு சார்? எங்க கெணத்துத் தண்ணி எளநி கணக்கா கீது." அதில் ஒரு புட்டி ஆய்வுக்கூடத்துக்குப் போகும். மீதியைக் கொட்டிவிடுவேன்.

கோடைகள் போயின. கிணற்று நீரில் மருந்து குறையவே இல்லை. இராமகிருஷ்ணனிடம் காட்டினேன். "இன்னொரு வருஷம் பார்க்கலாம்" என்றார்.

அந்த வருஷம் அந்தோணிராஜின் கண்கள் மஞ்சளாயின. "டாக்டரு தண்ணி நெறையக் குடிக்கச் சொல்றாரு," என்றாள் சகாயம்மாள். "நீங்க மருந்தப் பத்திப் படிச்சவரு. நம்ம தண்ணி நல்லாத்தானே கீது சார்?"

உண்மையைச் சொன்னால் இறைப்பதை நிறுத்திவிடுவார்கள். இறைக்காமல் தேங்கிப்போன கிணற்றின் மாதிரியை எவன் ஒப்புக்கொள்வான்? "நல்லாத்தான் இருக்கும்மா, குடிக்கட்டும்" என்றேன்.

ஈஸ்டருக்கு முன் அவன் செத்துப்போனான். கொன்றது நான்தான். யாரும் என்னைப் பிடித்து வரவில்லை. ஆய்வுக்கூடம் ஏற்காததைக் காவல் நிலையமாவது எழுதிக்கொள்ளட்டும் என்று நானே வந்தேன். இதனால் நாளை எத்தனை பேர் பிழைப்பார்கள், யோசியுங்கள்.

சகாயம்மாள் இன்னும் அங்கேதான் இறைக்கிறாள். இந்த வருஷம் முடியும்வரை மட்டும் அவளிடம் எதுவும் சொல்லிவிடாதீர்கள்.