வந்த காரணம்

— உள்ள போயிப் படுங்க டீச்சரம்மா. போர்வையக் கழுத்து வரைக்கும் இழுத்துக்குங்க. நடுவுல ரெண்டு வாட்டி முனகினா இன்னும் நல்லது.

— ஏன் பாக்கியம், எனக்கென்ன வருத்தம்?

— நெஞ்சு வருத்தம். பொலிஸ் பதிவுத் துண்டுல அப்படித்தான் எழுதிக் குடுத்திருக்கேன்.

— ஆரைக் கேட்டு எழுதினனீர்?

— யாரைக் கேக்கணும்? யாழ்ப்பாணத்துல இருந்து நம்ம வீட்டு ரூமுக்கு வாற எல்லாருக்கும் அதுதான். கொட்டாஞ்சேனை பூரா அதான் வழக்கம். வைத்தியத்துக்குன்னா ரெண்டு கெழமை இருக்க விடுவான். நீங்க என்னடான்னா காலையிலயே கெளம்பிப் போயி, செக்பொயின்டுல என்னா சொல்லிட்டு வந்திருக்கீங்க?

— ஏன் கொழும்புக்கு வந்தனீ எண்டு பொலிஸ்காரன் கேட்டான். ஊர் பாக்க வந்தனான் எண்டனான்.

— ஊர் பாக்க.

— உண்மை அதுதானே. துண்டைப் பாத்தான், என்னைப் பாத்தான். சிங்களத்தில என்ன எழுதிக் கிடக்கெண்டு எனக்கென்ன தெரியும்? அடையாள அட்டையை வாங்கிச் சட்டைப்பைக்குள்ள வைச்சிட்டு, பின்னேரம் வீட்ட வாறன் எண்டான்.

— சண்டை நடக்குற காலத்துல ஊரு பாக்க எவளாச்சும் வருவாளா? அதுக்கு ஒங்க ஊருலயே இருந்திருக்கலாமே.

— அங்க பாக்க ஆமியைத் தவிர என்ன கிடக்கு? பாக்கியம், நான் பூமிசாத்திரம் படிப்பிச்சனான். இருபத்தாறு வருசம் கரும்பலகையில கொழும்புத் துறைமுகத்தைக் கீறினனான். ஒருநாளும் கண்ணால கண்டதில்லை.

— இன்னைக்குக் கண்டீங்களாக்கும்.

— முள்ளுக்கம்பியும் மண்மூட்டையும்தான் கண்டனான். எட்டிப் பாக்க, ஒரு கப்பலின்ர புகைக்கூடு மட்டும் தெரிஞ்சுது. அதுவே காணும் எனக்கு.

— அதோட திரும்பியிருக்கலாம்ல?

— ஏன் திரும்புவான்? கிராண்ட்பாஸ் வரைக்கும் நடந்தனான். வழி கேட்ட இடத்தில ரபீக்கா எண்டொரு முஸ்லிம் பிள்ளை இருத்திவைச்சு, ஐஸ் போட்டு சர்பத் தந்தவள். ஏழு வருசமாய்க் கரண்ட் இல்லாத ஊராள் நான். ஐஸ் கரையிறதையே பாத்துக்கொண்டிருந்தனான். குடியுங்கோ எண்டு அவள் ரெண்டுதரம் சொல்லவேண்டி வந்திட்டுது.

— அந்தோனியார் கோயிலுக்காவது போனீங்களா? ஒரு கும்பிடு போட்டிருந்தா இந்த வம்பு வந்திருக்காது.

— போனனான். பட்டப்பகலில கட்டுக்கட்டாய் மெழுகுதிரி எரியுது. எங்கட பெடியள் ஒண்டை மூண்டாய் வெட்டிவைச்சுச் சோதினைக்குப் படிச்சதுகள். கும்பிட வாய் வரேல்லை. கோவம்தான் வந்தது.

— கோவத்த அங்கயே வச்சிட்டு வந்திருக்கணும். இப்ப படுங்க. அவன் வந்தா டாக்டர் அசையக் கூடாதுன்னாருன்னு நான் சமாளிச்சுக்குறேன்.

— படுக்கமாட்டன்.

— கூட்டிக்கிட்டுப் போயிருவான் டீச்சரம்மா. எழுதிக் குடுத்தவளேன்னு என்னையும் சேத்து அள்ளுவான். பூஸா கேம்புல அடைச்சுப் போட்டான்னா நம்மளத் தேடி எவன் வருவான்?

— காலையில இருந்து எத்தினை சனம் என்னை இடிச்சுக்கொண்டு போச்சுது. ஒருத்தராவது ஏன் வந்தனீ எண்டு கேக்கேல்லை. காலியில இருந்து வாற சிங்களவன் காரணம் சொல்லிப்போட்டே கோட்டை ஸ்டேசனில இறங்குறான்? நான் மட்டும் வருத்தக்காரியாய் இருந்தால்தான் இந்த ஊருக்குள்ள நிக்கலாமோ?

— நாயம் பேசுற நேரமா இது? கதவத் தட்டுறான், கேக்குதா?

— கேக்குது. திறவும். நான் இந்தக் கதிரையிலதான் இருப்பன்.

— யார் கனகேஸ்வரி?

— நான்தான்.

— துண்டில நெஞ்சு வருத்தம். செக்பொயின்ட்ல ஊர் பாக்க. எது பொய்?

— துண்டுதான் பொய்.

— அப்ப பொய் எழுதினது யார்?

— நாந்தாங்க பொலிஸ் மாத்தயா. டீச்சரம்மாவுக்கு ஒரு நோயும் இல்ல. அத வெட்டிட்டு ஊரு பாக்கன்னு எழுதிக்குங்க.

— அப்படி எழுத ஏலாது. தமிழ் ஆளுக்கு அந்தக் காரணம் பொலிஸ்ல எடுக்க மாட்டாங்க.

— அப்படின்னா என் பேரையும் வெட்டிருங்க மாத்தயா. மலைநாட்டு அட்டன்ல இருந்து வந்து பதினோரு வருசமா இதே வீட்டுலதான் குடியிருக்கேன். ஒங்க லிஸ்டுல நானும், துண்டப் புதுப்பிச்சுப் புதுப்பிச்சு, இன்னைக்கு வரைக்கும் வைத்தியத்துக்கு வந்தவதான்.