ஆடுறவளுக்குப் பலன் கிடையாது

— நில்லுங்க தம்பி. நான் எப்ப ஆடினேன்?

— இப்ப வரைக்கும் ஆடிக்கிட்டுதானே இருக்கீங்க அண்ணி. ரெண்டு மூணு ரவுண்டு ஓடிப்போச்சு.

— நான் அடுப்படியில பாத்திரம் தேய்ச்சுக்கிட்டு இருந்தேன்.

— நீங்க தேய்ச்சீங்க. விளையாட்டுக் கதைக்குள்ள உங்க ஆளு, சலங்கைங்கிற ஆட்டக்கார விறலி, அவ ஆடினா. அண்ணன்தான் சொன்னாரு, ‘அவ ஆடுறா, நீ போட்டுக்கோ’ன்னு.

— ஏங்க, நான் ஆடுறேன்னு நீங்க எப்படிச் சொல்லலாம்?

— அட விடும்மா. நீ வேற என்ன பண்ணப்போறே? வாராவாரம் அதைத்தானே பண்றே. கல் அரக்கன் கதாயுதத்தைத் தூக்கிக்கிட்டு என் தலைக்கு மேல நிக்கிறான். உன்னைக் கூப்பிட்டு, நீ கை துடைச்சுட்டு வர்ற வரைக்கும் ‘கொஞ்சம் இருங்க சார்’னு அவன்கிட்ட சொல்லட்டுமா?

— ஒரு குரல் குடுத்திருக்கலாம்ல? அடுப்படி என்ன அசலூர்லயா இருக்கு?

— குழாய் சத்தத்துல உனக்கு எங்க கேக்கப்போகுது.

— சட்டை எங்க, சாவி எங்கன்னு கத்தும்போது மட்டும் குழாய் சத்தம் தடுக்கல. தம்பி, நீங்கதானே கதை நடத்துறவரு. நீங்க சொல்லுங்க. ரூல் என்ன?

— ரூல் ரூல்தான் அண்ணி. விறலி ஒவ்வொரு ரவுண்டும் வாயைத் திறந்து ‘ஆடுறேன்’னு சொல்லணும். எப்படி ஆடுறான்னும் ஒரு வரி சொல்லணும். சொல்லலைன்னா ஆட்டம் நின்னுபோச்சுன்னு அர்த்தம்.

— நான் வாயைத் திறந்தேனா?

— இல்ல.

— அப்புறம்?

— அண்ணன் உரிமையாச் சொன்னாரு, நானும் ஏத்துக்கிட்டேன். தப்புதான்.

— எப்படி ஆடினேனாம்? ஒரு வரி சொல்லியிருப்பாரே.

— அது வந்து... விடுங்க அண்ணி.

— சொல்லுங்க.

— முதல் ரவுண்டு, ‘இடுப்பை ஆட்டுறா’. அடுத்த ரவுண்டு, ‘இன்னும் ஆட்டுறா’. அதுக்கப்புறம், ‘அதே’.

— அதேவா!

— டேய், இதையெல்லாமாடா போட்டுக்குடுப்பே? கூடப்பிறந்தவனா நீ?

— அதே! ஒரு மனுஷி ஆடுறதைச் சொல்ல ஒரு வார்த்தைக்குக்கூட வழியில்ல, அதே! கல்யாண வீட்டுல எல்லாரும் ஆடினப்பகூட நான் ஓரமா நின்னு கைப்பையைப் பிடிச்சுக்கிட்டவ. என்னைப் போய் ஆடுறவளாப் போட்டதே நீங்க ரெண்டு பேரும்தான். நான் வில்லு கேட்டேன். ஞாபகம் இருக்கா?

— வில்லுன்னா தூரம் பாக்கணும், காத்து பாக்கணும், அம்பு எண்ணணும். உனக்கு எதுக்கு அந்தத் தலைவலி? விறலின்னா சும்மா ஆடிக்கிட்டு நின்னா போதும். உன் நல்லதுக்குத்தான் சொன்னேன், சத்தியமா.

— லேப்ல காலையிலேர்ந்து ரத்த அணு எண்ணுறவளுக்கு அம்பு எண்ண வராதா?

— சரி லேப் மேடம், தெரியாம சொல்லிட்டேன். ஆளை விடு. டேய், அரக்கன் என்ன பண்றான், அதைச் சொல்லு.

— அரக்கன் கதாயுதத்தை ஓங்குறான். பாலம் நடுங்குது. கீழ ஆறு கொதிக்குது. மாவீரன் இரும்புமண்டையோட மூச்சு வாங்குற சத்தம் மலையெல்லாம் எதிரொலிக்குது. அண்ணா, உன் முறை.

— இரும்புமண்டை வெட்டுறான்! இந்தா, இருபது முக டைஸைப் போடுறேன்... பதினாறு! அதோட இவ ஆட்டத்துக்கு ஒரு நாலு. இருபது! விழுந்தானா, விழுந்தானா?

— கூட்டாதீங்க. நான் இன்னும் சொல்லல.

— என்னத்தை?

— ஆடுறேன்னு.

— சொல்லித்தொலையேன்!

— முதல்ல எனக்கு ஒண்ணு தெரியணும். தம்பி, நான் ஆடினா இவருக்கு நாலு கூடுது. எனக்கு என்ன கூடுது?

— உங்களுக்கா? ஆடுறவளுக்குப் பலன் கிடையாது அண்ணி. சுத்தி நிக்கிறவங்களுக்குத்தான்.

— என் மேல அடி விழுந்தா?

— ஆடும்போது கேடயம் பிடிக்க முடியாதுல்ல. அடி கொஞ்சம் கூடவே விழும்.

— நல்லாருக்கு. விறலின்னா ராஜா கூப்பிட்டுப் பொன்னும் பொருளும் குடுப்பாருன்னு ஆசை காட்டித்தானே சேத்தீங்க? இதுவரைக்கும் எனக்குக் கிடைச்சது ஒரு கிழிஞ்ச கம்பளி. அதையும் குளிருதுன்னு இரும்புமண்டை வாங்கிப் போத்திக்கிட்டாரு.

— பனிமலைம்மா. குளிருச்சு.

— எனக்கு மட்டும் வேர்த்துச்சா?

— ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம். அந்தக் கதையா இருக்கு உன் பேச்சு.

— ஆடத் தெரியாமதான் இத்தனை நாளா உங்களைச் சாகவிடாம தூக்கிப் பிடிச்சேனா?

— ஐயோ, ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க! போன சனிக்கிழமையும் இதே பாலம். அதுக்கு முந்தின சனிக்கிழமையும் இதே பாலம். வேலை முடிஞ்சு வந்து கண்ணு எரிய எரிய உக்காந்து ஒரு கோட்டை வரைஞ்சு வச்சிருக்கேன். அது அந்தப் பக்கம் ஆளு வராம பாழடையுது. தயவு பண்ணி யாராவது இந்தப் பாலத்தைத் தாண்டுங்க.

— நான் தாண்டத்தான்டா பாக்குறேன். இவதான் லேப்லேர்ந்து வந்ததுலேர்ந்து முறுக்கிக்கிட்டு நிக்கிறா. ஏன்னு எனக்குத் தெரியாதா? திங்கக்கிழமை பதில் சொல்லணும்ல. அந்த எரிச்சலை இங்க கொண்டாந்து கொட்டுறா.

— என்ன பதில்?

— ஒண்ணுமில்லடா.

— ஒண்ணுமில்லையா? சொல்லுங்க முதலாளி. தம்பிக்கும் தெரியட்டும்.

— இவ லேப்ல புதுசா ஒரு கிளை திறக்கிறாங்க. இவளைப் பொறுப்பாளரா வரச் சொல்றாங்க. ரயில்ல போனா அரை நாள் தூரம்.

— அண்ணி! சொல்லவே இல்லையே! பொறுப்பாளர்னா மொத்தக் கிளையுமா?

— மொத்தமும். எனக்குக் கீழ ஏழெட்டு பேரு.

— அடேங்கப்பா! போறீங்கதானே?

— உங்க அண்ணனைக் கேளுங்க. என் வாய் அங்கதான் இருக்கு.

— பாத்தியாடா? நான் என்ன போகாதேன்னா சொன்னேன்? இப்ப வேண்டாம்னேன். சைக்கிள் கடை இப்பதான் கண்ணு முழிச்சிருக்கு. சாயங்காலம் லேப் முடிஞ்சு வந்து இவ கல்லாவுல உக்காந்தாதான் நான் உள்ள போய் ஒரு வண்டியில கை வைக்க முடியுது. வர்றவன்கிட்ட சிரிச்சுப் பேச எனக்கு வராது. செயின் ஏன் அந்துச்சுன்னு கேட்டா நான் சண்டைக்குப் போயிடுறேன். இவ இருந்தா கடை நடக்கும், இல்லேன்னா ஷட்டரை இழுத்து விட்டுட்டுப் போக வேண்டியதுதான். ஒரு வருஷம் பொறுத்துக்கோன்னேன். இது தப்பா?

— போன கடைக்கும் ஒரு வருஷம்தான் கேட்டீங்க.

— அது மீன் தொட்டி வியாபாரம்மா. மீன் செத்ததுக்கு நானா பொறுப்பு?

— நான்தான் பொறுப்பு. தண்ணி மாத்தினது நான்தானே.

— குத்து, நல்லா குத்து. வேலியில போன ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டேன்டா. ‘பாவம், சனிக்கிழமை நம்ம கூட உக்காந்து விளையாடட்டும்’னு இவளைச் சேத்ததே நான்தான்.

— சேத்தீங்க. உங்களுக்கு நாலு குறையுதுன்னு சேத்தீங்க.

— அண்ணா, நீ வாயை மூடு. அண்ணி, நீங்க மட்டும் சொல்லுங்க. அரக்கன் ஓங்கின கை ஓங்கினபடி நிக்கிறான், அவனுக்கே தோள் வலிக்கும். ஆடினா இருபது, அவன் காலி. ஆடலைன்னா வெறும் பதினாறு. அவன் திருப்பி ஒரு போடு போட்டா இரும்புமண்டை முடிஞ்சான். ஆடுறீங்களா, இல்லையா?

— அந்த இடது பக்கத்து வழி என்னாச்சு?

— எந்த வழி?

— போன வாரம் சொன்னீங்களே. பாலத்துக்கு இந்தப் பக்கமே, பாறை இடுக்குல குறுகலா ஒரு வழி, கோடியில வெளிச்சம் தெரியுதுன்னு.

— அது சும்மா அழகுக்குச் சொன்னது அண்ணி.

— வழின்னு சொன்னா வழிதானே? சலங்கை அதுல போறா.

— எங்க போறே? ஏய், நான் செத்துருவேன்!

— விளையாட்டுதானேங்க.

— விளையாட்டா? பாத்துப் பாத்து வளத்த ஆளும்மா இவன்! டேய், முடியாதுன்னு சொல்லு. ரூல்ல இருக்கும் பாரு, கூட வந்தவனை நட்டாத்துல விட்டுட்டுப் போகக் கூடாதுன்னு.

— அப்படி ஒரு ரூல் இல்ல அண்ணா.

— இல்லேன்னா இப்ப எழுது!

— ரூல் ரூல்தான். அண்ணி, யோசிச்சுதானே சொல்றீங்க? இடுக்கு ரொம்பச் சின்னது. டைஸ் போட்டு பதினஞ்சுக்கு மேல வந்தாதான் நுழைய முடியும். கீழ வந்தா அங்கயே சிக்கிக்குவீங்க. அரக்கன் ரெண்டு பேரையும் சேத்து நசுக்கிடுவான்.

— குடுங்க டைஸை.

— இங்க பாரும்மா. என் மூஞ்சியைப் பாரு. ஒரே ஒரு ரவுண்டு. அவன் விழுந்ததும் நீ எங்க வேணா போ, நான் தடுக்கவே மாட்டேன்.

— அவனுக்குப் பின்னால கோட்டை இருக்கு. கோட்டைக்குள்ள இன்னொருத்தன் இருப்பான். அப்பவும் ‘ஒரே ஒரு ரவுண்டு’ம்பீங்க. எடுங்க கையை... தம்பி, என்ன வந்திருக்கு?

— பதினெட்டு.

— நுழைஞ்சாச்சா?

— நுழைஞ்சாச்சு அண்ணி. தோள்பட்டையில கொஞ்சம் சிராய்ப்பு, வேற ஒண்ணுமில்ல. பின்னால ‘தொம்’முன்னு ஒரு சத்தம் கேக்குது. அண்ணா, மன்னிச்சுக்கோ.

— செத்துட்டேனா?

— செத்துட்டே.

— திருப்தியா? கட்டின புருஷனைக் கொன்னுட்டே.

— இரும்புமண்டை எனக்கு எப்பப் புருஷன் ஆனான்? ‘எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல’ன்னு கதையில வந்த சத்திரத்துக்காரிகிட்ட பல்லை இளிச்சது யாரு? தம்பி, நீங்க சொல்லுங்க. வெளிய என்ன இருக்கு?

— வெளியவா... அண்ணி, கோவிச்சுக்காதீங்க. அந்தப் பக்கம் நான் ஒண்ணுமே யோசிச்சு வைக்கல.

— ஒண்ணுமேவா?

— கோட்டைக்கு அறை அறையா வரைஞ்சேன். அண்ணன் எங்க திரும்புவாரு, எதை உடைப்பாருன்னு எல்லாத்துக்கும் வச்சிருக்கேன். நீங்க தனியா ஒரு பக்கம் போவீங்கன்னு எனக்குத் தோணவே இல்ல. நிஜமாவே தோணல அண்ணி. இப்ப நினைச்சா வெக்கமா இருக்கு.

— சரி, விடுங்க. நானே சொல்றேன். சொல்லலாம்ல?

— தாராளமா.

— விடிஞ்சிருக்கு. தெருவை யாரோ இப்பதான் கூட்டிட்டுப் போயிருக்காங்க. ஒரு கட்டடம். கண்ணாடிக் கதவு. தள்ளினா புதுப் பெயிண்ட் வாசனை.

— மலைக்குள்ளேர்ந்து வந்தா பெயிண்ட் வாசனையா? டேய், இதையும் ஏத்துக்குவியா?

— அண்ணா, பேசாம இரு.

— நாற்காலியெல்லாம் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காம கிடக்கு. மைக்ராஸ்கோப் ரெண்டும் பெட்டிக்குள்ளயே இருக்கு. ரத்தம் எடுக்கிற அறையில பெரிய ஜன்னல். எங்க லேப்ல அது கிடையாது, ட்யூப் லைட்டுதான். நரம்பு தேடித் தேடி எனக்குக் கண்ணே போயிரும். குழந்தைங்களுக்கு ரெண்டு தடவை குத்த வேண்டியிருக்கும், அம்மாக்காரி திட்டுவா. அங்க வெயில் நேரா நாற்காலிக் கைப்பிடி மேல விழுது. என் கையையே வச்சுப் பாத்தேன். நரம்பு ஒண்ணு ஒண்ணும் தெளிவாத் தெரிஞ்சுது. மாடியில சின்னதா ஒரு ரூம் இருக்கு, ஒரு ஆளு தாராளமாத் தங்கலாம். கீழ வந்து அந்த நாற்காலியில கொஞ்ச நேரம் உக்காந்தேன். யாரும் வந்து எதையும் எங்கன்னு கேக்கல.

— நீ அங்க போனியா?

— போன வாரம் ட்ரெயினிங்னு சொல்லிட்டுப் போனேன்ல.

— என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?

— சொன்னா?

— சொன்னா... நானும் வந்திருப்பேன்.

— கடையை யாரு பாப்பா?

— டேய், கொஞ்சம் தண்ணி கொண்டாடா.

— நீயே எழுந்து போய்க் குடி அண்ணா.

— எல்லாரும் சேந்துக்கிட்டீங்களா? சரி, கேளு. கடை கடைன்னு சொன்னேன்ல, அது பாதிதான். வீட்டுக்கு வந்தா நீ இருக்க மாட்டேன்னு நினைச்சாலே எனக்குப் பயமா இருக்கும்மா. இதைப் போய் எப்படிச் சொல்றதுன்னு வெக்கப்பட்டுக்கிட்டுதான் கல்லாவைக் காட்டினேன்.

— இதை ஏங்க அப்பவே சொல்லல?

— வரல. இப்ப வந்துருச்சு. நீ அந்த ஜன்னலைப் பத்திச் சொன்ன மாதிரி எந்தக் கடையைப் பத்தியும் நான் சொன்னதில்ல. நீ போ. கோவத்துல சொல்லல, சத்தியமா. கல்லாவுக்கு ஒரு ஆளைப் போட்டுக்கலாம். இல்லேன்னா நானே சிரிக்கப் பழகிக்கிறேன். லீவு நாள்ல ரயிலேறி நான் வர்றேன். திங்கக்கிழமை முதல் வேலையா உங்க மேனேஜர்கிட்ட ‘வர்றேன்’னு சொல்லிடு.

— ஐயோ அண்ணா! இந்தப் புத்தி ஒரு ரவுண்டு முன்னாடி வந்திருந்தா இரும்புமண்டை பொழைச்சிருப்பான்!

— போனா போறான்டா, தடிப்பய. அண்ணிக்கு வாழ்த்துச் சொல்லு. என்னம்மா, இப்பவாவது சிரியேன். இந்தா... ஏய், எதுக்கு அழுவுறே? அதான் போன்னு சொல்லிட்டேனே!

— இன்னைக்கு மத்தியானமே மேனேஜர் கூப்பிட்டு ‘என்னம்மா முடிவு?’ன்னாரு. நீங்க ஷட்டரை இழுத்து மூடிட்டு நிக்கிற மாதிரியே என் கண்ணுக்குத் தெரிஞ்சுது, ‘வரலை சார்’னுட்டேங்க. பக்கத்து டேபிள் பொண்ணை அங்கயே கூப்பிட்டு அந்தப் பொறுப்பை அவளுக்குக் குடுத்துட்டாரு.